பழைய சுரூபத்தைப் பெயிண்டரிடம் கொடுப்பதற்கு முன்: பெங்களூரு பங்குக் கோவில்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் மூன்று தலைமுறை பார்த்த ஒரு சுரூபம், அதாவது புனிதர் சிலை, இருக்கும். மூக்கு நுனியில் வெள்ளை தெரிகிறது, ஒரு விரல் போய்விட்டது, அங்கியில் பெயிண்ட் செதில் செதிலாக எழும்புகிறது. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது யாராவது வந்து, "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் ஃபாதர், ரெண்டே நாள்ல புதுசு மாதிரி ஆக்கிடுவான்" என்பார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

எங்கள் பங்கில் மரத்தாலான அந்தோணியார் சுரூபத்தைச் சீர்செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யாரிடம் அனுமதி வாங்குவது, எந்தக் காகிதம் முதலில் போக வேண்டும், எவ்வளவு ஆகும், எப்போது தொடங்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. பெங்களூரை மனதில் வைத்து எழுதுகிறேன். மும்பை, டெல்லி பங்குகளுக்கும் நடைமுறை ஏறக்குறைய இதுதான், அலுவலகங்கள் மட்டும் மாறும்.

1. சுரூபம் எதில் செய்தது என்று பாருங்கள்

மற்ற எல்லாம் இதைப் பொறுத்தது. பீடத்தின் அடிப்பக்கத்தையும் முதுகையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டர்கள் பெரும்பாலும் அங்கே கை வைப்பதில்லை என்பதால் உண்மை அங்கேதான் தெரியும்.

மரம் என்றால் நார் ஓடும் திசையில் நீள விரிசல் இருக்கும். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு அரிக்கிறது. தூளைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி விழுந்திருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் உடைந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக இருக்கும். உள்ளே சணல் நாரும் இரும்புக் கம்பியும் வைத்திருப்பார்கள். கம்பி துருப்பிடித்து உப்பும்போது மேலே வெடிக்கும். கை மணிக்கட்டில் வளையம் போல விரிசல் வந்திருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஃபைபர் சுரூபம் லேசாக இருக்கும், தட்டினால் வெற்று ஓசை வரும், பக்கவாட்டில் அச்சு ஒட்டிய கோடு தெரியும். ஃபைபரும், கெபியில் (குகை மாடத்தில்) நிற்கும் சிமென்ட் சுரூபமும் அண்மைக் காலத்தில் வாங்கியவையாக இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு நல்ல பெயிண்டரை வைத்தே முடித்துக்கொள்ளலாம். மரமோ பழைய பிளாஸ்டரோ என்றால் மேலே படியுங்கள்.

2. கை வைப்பதற்கு முன் படம் எடுங்கள்

முன், பின், இரு பக்கம், முகம், கைகள், பீடம், பீடத்தின் அடி. பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இன்னொரு வரிசை எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழும்பலும் விரிசலும் அப்போது நிழலோடு தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படங்களையும் தேடுங்கள். பங்கின் பொன்விழா மலர், பழைய சப்பரப் பவனிப் படங்கள், பெரியவர்கள் வீட்டு ஆல்பத்தில் புதுநன்மைப் படத்துக்குப் பின்னால் நிற்கும் சுரூபம், எல்லாமே ஆதாரம்தான். அங்கியின் பழைய நிறம், கையில் லீலி மலர் எப்படி இருந்தது, குழந்தை இயேசு எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதெல்லாம் பின்னால் வாக்குவாதமாகும். அப்போது படம்தான் தீர்த்து வைக்கும்.

உடைந்த துண்டுகள் எங்கே என்று கோவில் வேலை பார்ப்பவரைக் கேளுங்கள். எங்கள் சக்கிரீஸ்து (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை) அலமாரியில், மெழுகுவர்த்திக் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு தீப்பெட்டிக்குள் குழந்தை இயேசுவின் இரண்டு விரல்கள் பஞ்சில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. யார், எப்போது வைத்தார்களோ தெரியாது. அந்தத் துண்டுகள் கிடைத்ததால் புது விரல் செதுக்கும் செலவு மிச்சம்.

இந்தக் கட்டத்தில் ஈரத்துணி, சோப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் சுரூபத்தின் பக்கம் போகக் கூடாது. வண்டு மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டு நேரடியாகத் தெளிக்கவும் கூடாது. மருந்தைக் கரைத்திருக்கும் திரவமே பழைய வண்ணத்தை இளக்கிவிடும்.

3. பங்குப் பேரவையில் எழுத்தில் தீர்மானம்

பெங்களூரில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை நடக்கும் பங்குகள் நிறைய. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் வழிபாட்டுக்குத் தமிழர் கூட்டமே அதிகம் என்பதற்காக இதைத் தமிழ்க் குழுவின் வேலையாகக் கொண்டுபோகாதீர்கள். அப்படிப் போனால் சுரூபத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், வேறு எல்லாவற்றையும் பேசுவார்கள். மூன்று மொழிக்காரரும் உள்ள நாலைந்து பேர் குழு ஒன்றை அமைக்கச் சொல்லுங்கள். அறிவிப்பும் மூன்று மொழியிலும் போகட்டும்.

தீர்மானத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தச் சுரூபம், எதற்காகச் சீர்செய்கிறோம், யார் பொறுப்பு. பங்குத்தந்தையின் கையெழுத்தோடு பேரவைப் புத்தகத்தில் பதிய வேண்டும். வாய்மொழியாக "சரி, பண்ணுங்க" என்றால் போதாது. ஃபாதர்கள் மாற்றம் பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் வரும். புதிதாக வருபவருக்கு எழுத்தில் எதுவும் இல்லையென்றால் நீங்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

4. மேற்றிராசன (மறைமாவட்ட) அனுமதி

நிறையப் பேருக்குத் தெரியாத இடம் இதுதான். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189-ஆம் சட்டம், மக்கள் வணக்கத்துக்காகக் கோவிலில் வைக்கப்பட்டு, பழமையாலோ கலையாலோ பக்தியாலோ மதிப்புப் பெற்ற சுரூபங்களையும் படங்களையும் எழுத்து அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கக் கூடாது என்கிறது. அனுமதி கொடுப்பவர் ஆயர் அல்லது அவர் சார்பில் விகார் ஜெனரல் (ஆயருக்கு அடுத்த நிலைப் பொறுப்பாளர்). கொடுப்பதற்கு முன் அவர் துறை அறிந்தவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஆகவே பங்குத்தந்தை சரி என்றாலும் அது பாதி வழிதான்.

பெங்களூரு மேற்றிராசனத்துக்கு மனு மில்லர்ஸ் ரோட்டில் உள்ள பேராயர் இல்லத்துக்குப் போகும். நீங்களே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பங்குத்தந்தையின் கடிதத்தோடு, பங்கு முத்திரையோடு போக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. இணைக்க வேண்டியவை:

பேரவைத் தீர்மானத்தின் நகல், படங்கள், சுரூபத்தின் உயரம், பொருள், தோராயமான வயது, பழுதின் விவரம், சுரூபத்தின் நிலை பற்றி வேலை செய்பவர் தரும் அறிக்கையும் செலவு மதிப்பீடும் (இதைப் பற்றி அடுத்த படியில்), பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பத்தி.

கோவில் சொத்துப் பட்டியலில் இந்தச் சுரூபம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அசையும் பொருள்களில் விலைமதிப்போ பண்பாட்டு மதிப்போ உள்ளவற்றைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்று 1283-ஆம் சட்டம் சொல்கிறது. பட்டியலில் இல்லாவிட்டால் இதுதான் சேர்க்க நல்ல சமயம்.

இன்னொரு பொறி. "பழசை எங்ககிட்ட கொடுத்துடுங்க, அதே உயரத்துல புது ஃபைபர் சுரூபம் இலவசமாத் தர்றோம்" என்று ஆட்கள் வருவார்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார், மிக மரியாதையாகப் பேசினார். பழைய மரச் சுரூபங்களுக்கு வெளியே என்ன விலை என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது, வித்தியாசம் அவ்வளவுதான். மக்கள் மிகுந்த பக்தியோடு வணங்கும் சுரூபத்தைத் திருத்தந்தையின் ஆட்சிப்பீட அனுமதி இல்லாமல் கைமாற்றவோ நிரந்தரமாக இடம் மாற்றவோ முடியாது என்பது 1190-ஆம் சட்டம். நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் தொல்பொருள் ஆகிவிடும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமம் இல்லாதவர் அதில் வியாபாரம் செய்ய முடியாது. உங்கள் சுரூபம் அந்த வயதைத் தாண்டியிருக்கும் என்று தோன்றினால் தொல்லியல் துறையில் பதிவு தேவையா என்றும் மேற்றிராசன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. யாரிடம் கொடுப்பது

சுரூபம் செய்பவர் வேறு, சுரூபத்துக்குப் பெயிண்ட் அடிப்பவர் வேறு, பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர் வேறு. உங்களுக்கு வேண்டியது மூன்றாமவர். பெங்களூரில் குமார கிருபா ரோடு சித்ரகலா பரிஷத்தை ஒட்டி பண்பாட்டு மரபைக் காக்கும் இன்டாக் அமைப்பின் கலைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. மைசூரில் மத்திய அரசின் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தின் மண்டலக் கூடம் இருக்கிறது. மும்பைக்காரர்கள் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு மையத்தைக் கேட்கலாம். இவர்கள் வேலையை எடுக்காவிட்டாலும், தனியாகத் தொழில் செய்யும் நிபுணர் யார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

குறைந்தது மூன்று மதிப்பீடு வாங்குங்கள். எங்கள் நான்கடிச் சுரூபத்துக்கு வந்தவை முப்பதாயிரத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை இருந்தன. முதல் பார்வைக்கு யாரோ ஏமாற்றுவது போலத் தோன்றும். படித்தால்தான் தெரியும், அவை வெவ்வேறு வேலைகள். முப்பதாயிரத்தில் எழுதியிருந்தது: உப்புத்தாள் போட்டுத் தேய்த்தல், பட்டி பார்த்தல், ஸ்பிரே பெயிண்ட், தங்க நிறக் கோடு. அதாவது பழைய வண்ணம் முழுவதும் தூளாகக் குப்பைக்குப் போகும். பெரிய தொகைக்காரர் எழுதியிருந்தது: வண்டு நீக்கம், எழும்பிய வண்ணத்தைத் திரும்ப ஒட்டுதல், மேல் பூச்சுகளைச் சோதித்து அகற்றுதல், உதிர்ந்த இடத்தில் மட்டும் வண்ணம் நிரப்புதல், ஒவ்வொரு கட்டத்துக்கும் படம்.

மதிப்பீட்டில் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: "நீங்க போடறதை அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் எடுக்கணும்னா எடுக்க முடியுமா?" நிபுணர் பாரலாய்டு பி-72 போன்ற பிசினைச் சொல்வார். அது அசிட்டோனில் கரையும், பின்னால் வருபவர் பழைய வண்ணத்துக்குப் பெரிய சேதமில்லாமல் எடுத்துவிடலாம். எம்-சீல், ஃபெவிக்விக், எனாமல் என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: வேலைப் பட்டியல், பொருள்களின் பெயர், முடிக்கும் தேதி, சுரூபம் எங்கே வைக்கப்படும், திருட்டுக்கும் சேதத்துக்கும் யார் பொறுப்பு, எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் முழுப் பூச்சு அடிக்கக் கூடாது என்ற வரி, தவணை. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடைசித் தவணையை அறிக்கையும் படங்களும் கைக்கு வந்த பிறகே கொடுங்கள், இல்லையென்றால் அறிக்கை வரவே வராது. ஜிஎஸ்டி உள்ளடக்கமா, மேலேயா என்றும் கேளுங்கள்.

6. பணம்

எல்லாம் பங்கின் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். குழுவில் யாருடைய ஜிபே எண்ணையும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ரசீதில் "அந்தோணியார் சுரூபச் சீரமைப்புக்கு" என்று நோக்கத்தை எழுதச் சொல்லுங்கள். ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது 1267-ஆம் சட்டம். மழையில் கூரை ஒழுகினாலும் இந்தப் பணத்தைத் தொட முடியாது. ஆகவே மீதி வந்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். துபாயில் வேலை பார்க்கும் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்புவது சாதாரணக் காணிக்கைதான். கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். பங்கின் உள்ளூர்க் கணக்கில் நேரே போட்டுவிட்டால் பின்னால் தணிக்கையாளர் உங்களைத் தேடுவார். அனுப்புவதற்கு முன் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்பது அத்தைக்குக் கோபம் வரவைக்கலாம், பரவாயில்லை.

80ஜி வரிச்சலுகை தானாகக் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்பவரைப் பங்கு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பெரிய தொகை கொடுப்பவர் பெயர்க்கல் கேட்பார். பீடத்தின் மேல் ஆணி அடிக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நன்றிப் பலகையைக் கோவில் முகப்பில் வைத்துக்கொள்ளலாம்.

7. எப்போது தொடங்குவது

பின்னோக்கி எண்ணுங்கள். அந்தோணியார் திருவிழா ஜூன் 13. அதற்குப் பதின்மூன்று நாள் முன்பே கொடியேற்றும் பங்குகள் உண்டு. ஆகவே சுரூபம் மே நடுவில் திரும்ப வேண்டும். மாதா திருநாள் என்றால் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. செபஸ்தியார் ஜனவரி 20.

பெங்களூரில் இந்த வேலைக்கு நல்ல காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜூனுக்குப் பிறகு காற்றில் ஈரம் ஏறி ஒட்டுவதும் காய்வதும் தாமதமாகும். வசதியாக, தவக்காலமும் அந்தப் பிப்ரவரி-ஏப்ரலுக்குள்தான் வரும். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) வரை சுரூபங்களை ஊதாத் துணியால் மூடும் வழக்கம் உள்ள பங்குகளில், சுரூபம் அங்கே இல்லாதது மக்களுக்கு அவ்வளவாகக் குறையாகத் தெரியாது. எப்படியும் மூடியிருக்கும் நாள்கள்தானே. மாடத்தில் "சீரமைப்புக்குச் சென்றுள்ளது, திருவிழாவுக்கு முன் திரும்பும்" என்று மூன்று மொழியில் ஒரு பலகையும் பழைய படமும் வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் "சுரூபத்தை வித்துட்டாங்க" என்ற பேச்சு அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் லிங்கராஜபுரம் வரை போய்விடும்.

பிப்ரவரியில் சுரூபம் கிளம்ப வேண்டுமென்றால் பேரவைத் தீர்மானம் செப்டம்பரில், மனு அக்டோபரில் போக வேண்டும். திருவருகைக் காலத்திலும் கிறிஸ்துமஸிலும் எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது.

8. எடுத்துச் செல்வது

கையையோ தலையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. பீடத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மெத்தை மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, பருத்தித் துணியால் சுற்றி, மூடிய வண்டியில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்க்கும். எழும்பி நிற்கும் வண்ணத்தை என்ன செய்வது என்று நிபுணரைக் கேட்காமல் சுற்றவே வேண்டாம், அவரே வந்து கட்டித்தருவது நல்லது. ஒப்படைக்கும்போது தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

9. வேலை நடக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள்

அழைப்பு வரும்வரை காத்திருக்காமல், மேல் பூச்சைச் சோதிக்கும் நாளைக் கேட்டுப் போங்கள். அங்கியின் ஓரத்தில் தபால்தலை அளவு இடத்தைத் தேர்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு, சின்னக் கத்தியால் ஒவ்வொரு அடுக்காக எடுப்பார்கள். எங்கள் அந்தோணியாருக்கு மேலே பளபளக்கும் சாக்லேட் நிற எனாமல். அதன் கீழ் வெளிறிய இன்னொரு பழுப்பு. அதன் கீழ் யாரோ பூசிய தடித்த ரோஸ் நிறப் பட்டி. எல்லாவற்றுக்கும் கீழே, பளபளப்பே இல்லாத மண் நிற அங்கி, அதன் விளிம்பில் ஊசியால் குத்திய புள்ளிகளோடு தங்க ரேக்கில் சிறு பூக்கொடி. எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் அதன் முன்னால் முழங்காலில் நின்ற யாருக்கும் அந்தப் பூக்கொடி அங்கே இருப்பது தெரியாது.

இந்தக் கட்டத்தில் குழு ஒரு முடிவு எடுக்க வேண்டும். அடியில் இருப்பது முழுக்க நன்றாக இருந்தால் மேல் பூச்சை எடுத்துவிடலாம். அரைகுறையாக இருந்தால் எடுப்பதா, விடுவதா என்பதற்கு நிபுணர் இரண்டு வழியும் சொல்வார், செலவும் மாறும். முடிவை எழுத்தில் அனுப்புங்கள். முதல் அனுமதியில் சொல்லாத பெரிய மாற்றம் என்றால் பேராயர் இல்லத்துக்கும் ஒரு கடிதம் போட வேண்டும்.

"பளபளன்னு இல்லையே" என்று ஊரில் சொல்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள். பழைய வண்ணத்துக்கு எனாமலின் மினுக்கு வராது. முகம் மட்டுமாவது கொஞ்சம் சிவப்பாக்கச் சொல்லி வற்புறுத்துபவர்கள் உண்டு. இதில் இறங்கிப்போகாதீர்கள். பழைய கைவினைஞர் கன்னத்தில் வைத்த மெல்லிய சிவப்பும் கீழிமையில் வைத்த சாம்பலும் போனால் எந்தக் கடையிலும் திரும்பக் கிடைக்காது.

10. திரும்பி வந்த பிறகு

மாடத்தில் ஏற்றும் முன் பங்குத்தந்தையிடம் மந்திரித்துத் தரச் சொல்லுங்கள். சேதத்துக்குக் காரணமானவற்றை மாற்றாவிட்டால் சில வருஷத்தில் பழைய கதைதான்: மெழுகுவர்த்தித் தட்டை நன்றாகத் தள்ளி வையுங்கள், கரிப்புகைதான் முதல் எதிரி. ஈர மாலையைக் கழுத்தில் போடாமல் முன்னால் ஒரு கம்பி நட்டு அதில் போடுங்கள். சீரியல் லைட்டை ஆணியடித்து மாட்டாதீர்கள். கண்ணாடிப் பெட்டி என்றால் மேலும் கீழும் காற்று போக வழி விடுங்கள். சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா போலச் சேலை உடுத்தும் வழக்கம் உங்கள் பங்கிலும் இருந்தால் பின் குத்தாமல் நாடா கட்டி உடுத்தலாம்.

தொட்டுக் கும்பிடுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது. பாதத்துக்கு முன்னால் கை வைக்கிற மாதிரி ஒரு மரக்கட்டை வைத்தால் பெரும்பாலான கைகள் அதில் நின்றுவிடும்.

சப்பரப் பவனிக்கு ஃபைபரில் ஒரு நகல் செய்துகொள்வது என் சிபாரிசு. தெருவில் குலுங்கும் தேரில் பழைய மரச் சுரூபத்தை ஏற்றுவதற்கு இனி எந்த நிபுணரும் சம்மதிக்க மாட்டார். நகலைக் கோவிலுக்குள் இன்னொரு மாடத்தில் வைக்காதீர்கள். ஒரே புனிதருக்கு ஒரு கோவிலில் சாதாரணமாக ஒரு சுரூபம்தான் என்பது திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை (பூசை நடத்தும் விதிகளைத் தரும் முன்பகுதி) சொல்லும் ஒழுங்கு. திருவிழா முடிந்ததும் நகல் சக்கிரீஸ்துக்கோ அலுவலகத்துக்கோ போகட்டும்.

கடைசியாக, கோப்பு. தீர்மானம், அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், ரசீதுகள், நிபுணரின் அறிக்கை, படங்கள் அடங்கிய பென்டிரைவ். ஒரு பிரதி பங்கு அலுவலகத்தில், ஒன்று பேராயர் இல்லத்தில். நிபுணர் ஒவ்வொரு வருஷமும் பார்க்கச் சொன்ன இடங்களை ஒரு தாளில் எழுதிச் சக்கிரீஸ்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வண்டுத் தூள் மறுபடி விழுகிறதா என்று பார்க்கப்போவது கோவில் கூட்டும் அக்காதான். அவருக்குக் கன்னடம்தான் வாசிக்க வருமென்றால் கன்னடத்திலும் எழுதி ஒட்டுங்கள்.